இரு முடிவுகளுக்கு நடுவே ஒரே பார்வையாளர்: ‘ஐ ஆம் லெஜண்ட்’ படமும் அதன் பிளவுண்ட ஏற்பும்

2007 டிசம்பர் 14 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஐ ஆம் லெஜண்ட்’, முதல் வார இறுதியிலேயே அங்கு சுமார் 7 கோடியே 70 லட்சம் டாலர் வசூலித்தது. டிசம்பர் மாதத்தில் அதற்கு முன் எந்தப் படமும் அவ்வளவு பெரிய தொடக்கத்தைக் கண்டதில்லை. பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கி வில் ஸ்மித் நடித்த அந்தப் படத்தைப் பற்றிய பேச்சில் அன்று தொட்டே ஒரு விசித்திரம் உண்டு. ஆளற்ற நியூயார்க்கைக் காட்டும் முதல் ஒரு மணி நேரத்தை வியந்தவர்களே இறுதிப் பகுதியைக் கண்டு முகம் சுளித்தார்கள். கலவையான வரவேற்பு என்றால், பிடித்தவர்கள் ஒரு கூட்டம், பிடிக்காதவர்கள் ஒரு கூட்டம் என்று எண்ணிக்கொள்வது வழக்கம். இங்கே கோடு கூட்டங்களுக்கு இடையில் விழவில்லை. ஒரே பார்வையாளருக்குள் விழுந்தது.

படம் நாவலை விட்டு விலகியதே இந்தப் பிளவுக்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது போதாது. படம் தன் உடலுக்குள்ளேயே ஒரு கேள்வியை வளர்த்து, முடிவில் அதைப் பதில் சொல்லாமல் கைகழுவியது. நாவலை ஒரு பக்கம்கூடப் புரட்டாதவருக்கும் அது உறைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தழுவல் ஆய்வில் மூலநேர்மையை அளவுகோலாகக் கொள்வதை ராபர்ட் ஸ்டாம் போன்றோர் கேள்விக்கு உட்படுத்திக் கால் நூற்றாண்டு ஆகிறது. லிண்டா ஹட்சியன் 2006இல் வெளியிட்ட தழுவல் கோட்பாட்டு நூலில், மூலத்தை அறிந்த பார்வையாளர், அறியாத பார்வையாளர் என்று ஒரு பகுப்பை முன்வைத்தார். அறிந்தவர் படத்தையும் அதன் அடியில் கிடக்கும் நூலையும் சேர்த்தே பார்க்கிறார். அறியாதவருக்குத் தழுவலும் மற்றப் படங்களைப் போல ஒரு படமே. பயனுள்ள பகுப்புதான். ஆனால் ‘ஐ ஆம் லெஜண்ட்’ விஷயத்தில் இவ்விரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் அதிருப்தி கொண்டார்கள். அந்த உடன்பாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

ரிச்சர்ட் மேத்தசன் 1954இல் வெளியிட்ட நாவல் 1976 ஜனவரியில் தொடங்கி மூன்றாண்டுகள் நீள்கிறது. இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். கிருமி ஒன்று மனிதர்களை இரத்தக் காட்டேரிகளாக்கிவிட்ட உலகில் ராபர்ட் நெவில் தனியனாக வாழ்கிறான். இரவில் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்த பென் கார்ட்மன் வாசலில் நின்று அவனை வெளியே வரச்சொல்லிக் கூப்பிடுகிறான். பகலில் நெவில் வீடு வீடாகப் போய், உறங்குபவர்களின் நெஞ்சில் முளையடித்துக் கொல்கிறான். ரூத் என்ற பெண் வந்த பிறகே அவன் செய்துவந்தது என்னவென்று தெரிகிறது. நோயோடு வாழக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் மருந்தின் துணையால் புதிய சமூகம் அமைத்துவருகிறது. அவன் கொன்றவர்களில் அந்தச் சமூகத்தாரும் இருந்தார்கள். அவர்கள் பார்வையில், ஊர் உறங்கும்போது வந்து கொல்லும் பூதம் அவன்தான். தண்டனைக்கு முன் ரூத் கொடுத்த மாத்திரைகளை விழுங்கிச் சாகும்போது அவன் இதை ஒப்புக்கொள்கிறான். பெரும்பான்மை எதுவோ அதுவே இயல்பு என்ற கசப்பான தர்க்கத்தின் மேல் நாவல் கட்டப்பட்டிருக்கிறது.

இந்த நாவலைச் சினிமா அதற்கு முன்பே இரண்டு முறை எடுத்திருந்தது. 1964இல் வின்சென்ட் பிரைஸ் நடித்த ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ கதையமைப்பில் மூலத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் அதன் திரைக்கதையில் பங்குகொண்ட மேத்தசனுக்கே அது திருப்தி தரவில்லை. லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைத்தான் அதில் போடவைத்தார். 1971இல் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த ‘தி ஒமேகா மேன்’ நாவலின் தலைகீழ் உணர்வை அடியோடு உதறியது. அதில் நெவிலின் இரத்தமே நோய்க்கு மருந்து. அவன் சிலுவையில் அறையப்பட்டவனைப் போலக் கைவிரித்துச் சாகிறான், மருந்து பிழைத்தவர்கள் கைக்குப் போகிறது. 2007 படத்தின் எழுத்துப் பட்டியலில் மேத்தசனின் நாவலோடு இந்த 1971 திரைக்கதையும் மூலமாகக் குறிக்கப்பட்டிருப்பதை விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. படத்துக்கு மூலம் ஒன்றில்லை, இரண்டு. திரையரங்கில் வந்த முடிவு ஒரு மூலத்துக்குத் துரோகம் என்றால், இன்னொன்றுக்கு அது விசுவாசம். ஆகவே மூலநேர்மை என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இந்தப் படத்தைத் தண்டிக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

இனி படத்துக்குள் போவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நியூயார்க் ஆகிவிட்டது. தொழிற்சாலைத் தொழிலாளியான நெவில் இராணுவ நுண்ணுயிர் விஞ்ஞானி ஆகிவிட்டான். புற்றுநோயைக் குணப்படுத்த மாற்றியமைக்கப்பட்ட தட்டம்மை வைரஸ், மனிதகுலத்தை அழித்திருக்கிறது. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் வெயில் தாங்காத இருள்வாசிகள். நெவில் தன் பெண் நாய் சாமுடன் டைம்ஸ் சதுக்கத்தில் மான் வேட்டையாடுகிறான், விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து கோல்ஃப் பந்தடிக்கிறான், கடையில் நிற்கும் ஆளுயரப் பொம்மைகளோடு பேசுகிறான். இப்பகுதி ஏன் எல்லோருக்கும் பிடித்தது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. தெருக்களை மூடி உண்மையான நகரத்திலேயே எடுத்தார்கள். புல் முளைத்த ஐந்தாம் நிழற்சாலை கண்ணுக்குப் பொய்யாகப் படவில்லை.

பிறகு அந்தக் கண்ணிக் காட்சி வருகிறது. சோதனைக்காக நெவில் ஓர் இருள்வாசிப் பெண்ணைப் பொறிவைத்துப் பிடிக்கிறான். அவளைத் தொடர்ந்து வந்த தலைவன் வாசலில் நின்று, உடல் வெந்துபோகும் என்று தெரிந்தும் வெயிலுக்குள் முகத்தை நீட்டி உறுமுகிறான். வீடு திரும்பிய நெவில் தன் காணொளிக் குறிப்பில், இவர்களிடம் மனித நடத்தை அறவே இல்லை என்று பதிவுசெய்கிறான். பார்வையாளர் கண்டது வேறு: தன் துணைக்காக ஒருவன் நெருப்பில் தலைநீட்டினான். கதைநாயகன் தவறாகப் படித்த ஒரு காட்சியை நாம் சரியாகப் படித்துவிட்டோம் என்ற மெல்லிய மேட்டிமையைப் படம் நமக்குத் தருகிறது. துப்பறியும் கதையில் தடயம் கிடைத்ததற்கு ஒப்பானது இது. தடயத்தைக் காட்டிய கதைசொல்லி அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இதோடு நிற்கவில்லை. அடுத்து நெவிலே ஒரு கண்ணியில் தலைகீழாகத் தொங்குகிறான். இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்து நிற்கும் ஆளுயரப் பொம்மைதான் அதன் இரை. அதை வைத்தது யார்? மூளை கலங்கிய நெவில் தானே வைத்து மறந்துவிட்டானா, அல்லது எதிரி அவனிடமிருந்தே கற்றுக்கொண்டானா? இரண்டு தரப்பிலும் பார்வையாளர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். ஆய்வுக்கூடச் சுவரில் நெவிலின் சோதனைகளில் செத்தவர்களின் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. எல்லோரும் செத்துவிட்டார்களா என்று, ஒரு சிறுவனோடு நெவிலிடம் வந்துசேர்ந்த ஆன்னா கேட்கிறாள். அதே ஆன்னாவிடம் நெவில் சீற்றத்தோடு ஒரு கணக்கையும் ஒப்பிக்கிறான்: 600 கோடிப் பேரில் 540 கோடி செத்தார்கள், 1 கோடியே 20 லட்சம் பேரை நோய் தொடவில்லை, மீதி 58 கோடியே 80 லட்சம் பேர் இருள்வாசிகள் ஆனார்கள். கடவுள் இல்லை என்பதற்கு அவன் தரும் சான்று அது. ஆனால் மேத்தசனின் நாவல் முழுவதும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ஐம்பதில் ஒருவர் மட்டும் பழைய மாதிரி இருக்கும் உலகில் யார் மனிதர், யார் விலங்கு? படம் எண்களைச் சொல்லிவிட்டு, அவை கேட்பதைக் காதில் வாங்காமல் போய்விடுகிறது.

முதலில் எடுத்துப் பின்னர் கைவிடப்பட்ட முடிவை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2008இல் குறுந்தட்டு வெளியீட்டோடு மக்கள் பார்வைக்கு வந்த அந்த வடிவத்தில், தலைவன் ஆய்வுக்கூடக் கண்ணாடியில் மோதுவதை நிறுத்தி, கையால் அதன் மேல் ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைகிறான். படுக்கையில் கிடக்கும் பெண்ணின் உடம்பில் பச்சை குத்தியிருப்பது அந்த வடிவமே. நெவிலுக்குப் புரிகிறது. துப்பாக்கியை வைத்துவிட்டு அவளை வெளியே தள்ளிவந்து, மயக்கம் தெளிய ஊசி போட்டு ஒப்படைக்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், சுவரில் இருக்கும் முகங்களை நிமிர்ந்து பார்க்கிறான். திரையரங்கில் வந்த வடிவத்திலும் வண்ணத்துப்பூச்சி உண்டு. ஆனால் அங்கே கண்ணாடியில் விழும் விரிசல் தற்செயலாக அந்த உருவம் கொள்கிறது. பச்சை ஆன்னாவின் கழுத்துக்குப் போய்விட்டது. இறந்த மகள் முன்பு சொன்னது நெவிலின் நினைவுக்கு வருகிறது. மருந்தை ஆன்னாவிடம் கொடுத்து அவளையும் சிறுவனையும் ஒளித்துவைத்துவிட்டு, அவன் கையெறிகுண்டோடு பாய்ந்து சாகிறான்.

ஒரே படிமம், இரண்டு முகவரிகள். முதல் வடிவத்தில் எதிரி அனுப்பிய செய்தி; இரண்டாவதில் வானம் அனுப்பிய குறிப்பு. படிமத்தை எதிரியின் கையிலிருந்து பிடுங்கிக் கடவுளின் கையில் கொடுத்த அந்த ஒரு மாற்றத்தால், முன்பு விதைத்த கண்ணி, வெயில், சுவர்ப்படங்கள் எல்லாம் விளைச்சல் இல்லாத நிலமாகிவிட்டன. மதச்சாயல் நெருடியது என்றவர்களும், முடிவு அவசரமாக ஒட்டவைத்தது போலிருந்தது என்றவர்களும் இந்த ஒரே வெட்டுக்காயத்தைத்தான் தொட்டுக் காட்டினார்கள்.

அப்படியானால் மாற்றியது ஏன்? முதல் முடிவை முன்னோட்டக் காட்சிப் பார்வையாளர்கள் கடுமையாக நிராகரித்தார்கள் என்று லாரன்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இங்கே நம் வாதத்துக்கு ஒரு தடை எழுகிறது. கேள்விக்குப் பதில் சொன்ன முடிவைப் பார்வையாளரே வேண்டாமென்றார்கள் என்றால், பதில் சொல்லாததால் அதிருப்தி வந்தது என்று எப்படிக் கூறுவது?

முன்னோட்டக் காட்சியின் நடைமுறையில் பதில் இருக்கிறது. விளக்கு எரிந்ததும் அட்டையை நிரப்பச் சொல்கிறார்கள்: பிடித்ததா, பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா? அந்த நிமிடத்தில், நாய் செத்தபோது நெவிலோடு சேர்ந்து அழுத கண் இன்னும் காயவில்லை. ‘இண்டிபெண்டன்ஸ் டே’ முதல் உலகைக் காத்துவந்த வில் ஸ்மித்தின் பக்கம் ஒன்றரை மணி நேரம் நின்றவரிடம், நீ தவறான பக்கம் நின்றாய் என்று ஒரு முடிவு சொல்கிறது. அதை ஏற்க, பார்த்த படம் முழுவதையும் மனத்தில் திருப்பி ஓட்டியாக வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும். அட்டை அவகாசம் தருவதில்லை. வீட்டுக்குப் போய், நண்பரோடு பேசி, கண்ணிக் காட்சியை நினைத்துப் பார்த்த பிறகு அதே மனிதர் வேறு தீர்ப்பு எழுதுவார். முன்னோட்டத்தில் மறுத்தவரும் பின்னாளில் குறுந்தட்டில் பார்த்து மெச்சியவரும் இரண்டு வகை இரசிகர் என்று கொள்ளத் தேவையில்லை. கேட்கப்பட்ட நேரம் வேறு, அவ்வளவுதான். 1982இல் ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கும் முன்னோட்டக் காட்சிகளுக்குப் பின் விளக்கக் குரலும் இனிய முடிவும் சேர்க்கப்பட்டன. பத்தாண்டு கழித்து 1992இல் அவை இரண்டும் நீக்கப்பட்ட வடிவமே நிலைபெற்றது.

கணினியில் உருவான இருள்வாசிகளின் முகங்களைப் பற்றி எழுந்த புகாரையும் இங்கேயே சேர்க்கலாம். தொடக்கத்தில் ஒப்பனை செய்த நடிகர்களை வைத்து எடுக்க முயன்று, பிறகு கணினிக்கு மாறினார்கள். விளைந்த முகங்களில் ஒரே ஒரு பாவம்: வாய் பிளந்த வெறி. இதைத் தொழில்நுட்பக் குறை என்று தனியே ஒதுக்குகிறார்கள். எனக்கு அது முடிவின் குறையிலிருந்து பிரிக்க முடியாததாகப் படுகிறது. மாற்று முடிவிலும் கடைசியில் காதலைத் தாங்க வேண்டியது அந்த மெழுகு முகம்தான். அதனால் தாங்க முடியவில்லை.

மாற்று முடிவை நாவலின் முடிவு என்று கொண்டாடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதில் நெவில் ஒரு மன்னிப்போடு தப்பித்து, வண்டியேறி வடக்கே போகிறான். சுவர் நிறைய மனிதர்களைக் கொன்றவனுக்கு இது மலிவான விலை. திரையரங்கு வடிவத்தில் அவன் அறியாமலே சாகிறான். மாற்று வடிவத்தில் அறிந்தும் சாகாமல் போகிறான். மேத்தசன் இரண்டையும் அவனிடம் வசூலித்திருந்தார்.

மூலநேர்மை இருந்திருந்தால் வரவேற்பு ஒருமுகமாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் ‘தி ரோட்’ படத்தைப் பார்க்கலாம். கார்மக் மெக்கார்த்தியின் நாவல் 2006இல் வந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 2009இல் ஜான் ஹில்கோட் அதைப் பெரும்பாலும் வரிசை மாறாமல் எடுத்தார். சாம்பல் நிலம், தள்ளுவண்டி, தந்தை, மகன் எல்லாம் இருந்தன. பிளவு அங்கேயும் வந்தது. சிலருக்கு அதன் விசுவாசமே பெருமை, சிலருக்கு அதுவே சுமை. ஆனால் அந்தப் படத்தைக் குறித்த சண்டை பெரிதும் மனநிலை பற்றியது. பார்த்தவரை அது தன்னோடே முரண்பட வைக்கவில்லை. ஊழிக்குப் பிந்தைய கதை எதுவும் பார்வையாளரைப் பிரிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

2022இல் வில் ஸ்மித்தும் மைக்கேல் பி. ஜோர்டனும் நடிக்க அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டது. நெவில் செத்துப்போன திரையரங்கு வடிவத்தைத் தொடராமல், அவன் உயிரோடு வெளியேறும் மாற்று முடிவிலிருந்தே அது தொடங்கும் என்று 2007 படத்தின் திரைக்கதையாசிரியர்களுள் ஒருவரான அகிவா கோல்ட்ஸ்மன் 2023இல் கூறினார். கோடிக்கணக்கானோர் கட்டணம் கொடுத்துப் பார்த்த முடிவு இவ்வாறு அதிகாரம் இழக்க, வெட்டி எறிந்த காட்சி மூலத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஹட்சியனின் பகுப்பையும் இது சற்றே அசைக்கிறது: அந்த அடுத்த பாகத்துக்கு மூலம் அறிந்த பார்வையாளர் என்று சொல்லத்தக்கவர் மேத்தசனைப் படித்தவர் மட்டுமல்லர், குறுந்தட்டின் உபரிப் பகுதியைத் தேடிப் பார்த்தவரும்தான்.