காற்றை நம்பிய எந்திரம்

நெருப்பை வயிற்றிலே அடக்கிக்கொண்டு உழைப்பது மோட்டார் எந்திரம். எரியும் பெற்றோலின் வெப்பத்தில் ஒரு பகுதியே வண்டியின் சில்லுகளைச் சுழற்றுகின்றது. எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றாவிடின் எந்திரத்தின் உலோகம் தானே தன்னை அழித்துக்கொள்ளும். ஆகையால் பெரும்பாலான வண்டிகளில் நீரை ஓடவிட்டு எந்திரத்தைக் குளிரச் செய்வர். நீரை அறவே விலக்கிக் காற்றை மட்டும் நம்பிய எந்திரங்களுள், உலகெங்கும் பரவிப் புகழ்பெற்றது வொக்ஸ்வாகன் வண்டியின் எந்திரமாகும். தொழிற்சாலையிலே பிறந்த அவ்வெந்திரம், பிற்காலத்தில் சாதாரண மக்களின் வீட்டுக் கொட்டில்களிலே பிரிக்கப்பட்டு, பெருப்பிக்கப்பட்டு, மறுபிறவி எடுத்தது.

1930ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் பேர்டினண்ட் போர்ஷேயின் பணியகத்திலே இவ்வெந்திரம் உருவாயிற்று. அதனை வரைந்தவர் பிரான்ஸ் சேவர் ரைம்ஸ்பீஸ் என்பவர். எளிய குடும்பத்தின் வண்டி கொட்டிலின்றித் தெருவோரத்திலே நிற்கக் கூடியது. ஐரோப்பியக் கடுங்குளிரில் நீர் உறைந்தால் எந்திரம் வெடிக்கும், காற்றோ உறைவதில்லை. இக்காரணம் பற்றியே காற்று தெரிந்தெடுக்கப்பட்டது.

அவ்வெந்திரத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு உருளைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கிப் படுத்திருக்கும். ஒவ்வோர் உருளையும் தனித்தனியே இரும்பில் வார்க்கப்பட்டது. வெப்பத்தை வீசுதற்கென அதனைச் சுற்றித் தகடு போன்ற விளிம்புகள் அமைந்துள்ளன. மேலே ஒரு விசிறி சுழன்று, தகரக் கவசங்களின் வழியே காற்றை அவற்றின்மீது செலுத்தும். தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 985 கன சென்ரிமீற்றர் மட்டுமே.

நாசி ஆட்சியினர் 1938இல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டி, மக்களுக்கு மலிவான வண்டி தருவதாக வாக்களித்தனர். சேமிப்பு முத்திரை வாங்கிக் காத்திருந்த மக்களுக்குப் போருக்கு முன் வண்டி கிட்டவில்லை. எந்திரம் போர்க்களத்துக்குச் சென்றது. 1945இல் பிரித்தானியப் படையைச் சேர்ந்த மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட் பொறுப்பேற்ற பின்னரே அத்தொழிற்சாலை புத்துயிர் பெற்றது.

இந்த எந்திரத்தின் நீண்ட ஆயுளுக்கு அடிப்படை, அதனிடம் முழு வலுவையும் கேளாமையே. காற்றும் பெற்றோலும் உட்புகும் வழியைச் சிறிதாக வைத்தமையால், வண்டி தன் உச்ச வேகத்திலேயே நெடுநேரம் ஓடினும் எந்திரம் களைப்படையவில்லை. ஆயினும் காலம் அதிக வலுவை வேண்டிற்று. எந்திரத்தின் கொள்ளளவைப் பெருக்க வழிகள் இரண்டு: உருளையின் உள்விட்டத்தை அகலமாக்கலாம், அல்லது அதனுள் பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டலாம். தொழிற்சாலை இரண்டையும் செய்தது. 1954இல் கொள்ளளவு 1192 ஆயிற்று, 1965இல் 1285, 1966இல் 1493, 1970இல் 1584. பதினாறு ஆண்டுகளில் உள்விட்டம் 77 மில்லிமீற்றரிலிருந்து 85.5 ஆகவும், பிஸ்டனின் ஓட்டம் 64இலிருந்து 69 ஆகவும் வளர்ந்தன.

தொழிற்சாலை காட்டிய பாதையிலே பிறரும் நடந்தனர். ஜேர்மனியில் ஒக்ராசா நிறுவனமும், கலிபோர்னியாவில் எம்பி நிறுவனமும் வலுவைக் கூட்டும் உறுப்புக்களை விற்றன. ஆயினும் இவ்வேலை வீடுகளுக்குள் நுழைந்தமைக்கு எந்திரத்தின் எளிமையே காரணம். கம்பிகளையும் குழாய்களையும் கழற்றிய பின், நான்கு போல்ட்டுகளே அதனை வண்டியோடு பிணைத்து நிற்பன. அவற்றையும் நீக்கினால், ஒரு ஜாக்கியின் துணைகொண்டு எந்திரத்தைக் கீழே இறக்கிவிடலாம். 1969இல் அமெரிக்கரான ஜோன் மியூர், வொக்ஸ்வாகனை உயிரோடு பேணும் வழியை ஒன்றும் அறியாதவருக்கும் விளங்கும்படி ஒரு நூலாக எழுதினார். பொறியியலாளர் தொழிலைத் துறந்தவர் எழுதிய அந்நூலைத் துணையாகக் கொண்டு, மெக்கானிக்குக்குக் கொடுக்கப் பணமில்லாத இளைஞர் பலர் தம் கையாலேயே எந்திரத்தைப் பிரித்தனர்.

பிரிப்பது எளிது, பெருப்பிப்பது அத்துணை எளிதன்று. 88 மில்லிமீற்றர் உருளைகள் 85.5இன் இடத்திலே வெட்டாமலே பொருந்தும்; கொள்ளளவு 1679 ஆகும். ஆனால் அவற்றின் சுவர் மெலிந்தது. வெப்பத்தால் வட்டம் குலைந்து, எரிவாயு கசிய இடமுண்டு. 92 மில்லிமீற்றர் உருளைகளை இட்டால் 1835 கிடைக்கும். அதற்கு எந்திரக் கூட்டையும் தலைப்பகுதிகளையும் கடைசல் பட்டறையிலே கடைந்து அகலமாக்க வேண்டும். மக்னீசியம் கலந்த அக்கூடு மென்மையானது. பல்லாண்டு ஓடியபின் கிராங்குத் தண்டு தங்கும் இடங்கள் தேய்ந்திருக்கும். அவற்றையும் நேர்ப்படுத்தல் வேண்டும். அத்தண்டு முன்னும் பின்னும் அசைதற்கு விடப்படும் இடைவெளி 0.07 முதல் 0.13 மில்லிமீற்றர் வரையே. அளவுக்கருவியைத் தொடாமல் கண்மதிப்பை நம்புவோர் இங்கேயே தோற்றுவிடுவர்.

அனைத்திலும் பெரிய தடை வெப்பமே. உருளை அகலமானால் எரியும் பெற்றோல் கூடும். பெற்றோல் கூடினால் வெப்பமும் கூடும். விசிறியோ பழைய விசிறியே. எந்திரத்திலுள்ள எண்ணெயும் இரண்டரை லீற்றர் மட்டுமே. எண்ணெயைக் குளிரவைக்கும் கருவி காற்றின் பாதையிலே நின்றமையால், அதன்பின் இருந்த மூன்றாவது உருளை பிறவற்றினும் அதிகம் சூடேறிற்று. அதன் வெளியேற்று வால்வு உடைந்து அழிந்த எந்திரங்கள் பல. தொழிற்சாலையே 1970இல் அக்கருவியை ஒதுக்கி வைத்து, விசிறியையும் அகலமாக்கிற்று. வலுவைக் கூட்டியவர்களே குளிர்ச்சியையும் கூட்ட நேர்ந்தது.

வீட்டுக் கொட்டில்களில் இப்பாடம் பலமுறை மறக்கப்பட்டது. பயனற்ற தகரமென எண்ணிக் கவசங்களைக் கழற்றி எறிந்தோர் உண்டு. கவசம் போனால் காற்று உருளைகளைச் சேராது சிதறும். எந்திரத்தின் சூடான காற்றே விசிறிக்குள் மீளவும் புகும். அறிந்தோர் தகரங்களை இடைவெளியின்றிப் பொருத்தி, எண்ணெய்க் கலத்தையும் பெரிதாக்கினர். அவர்களுடைய எந்திரங்கள் நெடுநாள் ஓடின.

2003ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி மெக்சிக்கோவின் புவெப்லா நகரிலே இவ்வண்டியின் உற்பத்தி முடிவுற்றது. அதுவரை 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருந்தன. பிரேசிலில் கொம்பி என்னும் சுமைவண்டிக்கென இவ்வெந்திரம் 2005 வரை நீடித்தது. தொழிற்சாலைகள் கைவிட்ட பின்னும் அதனைக் காத்து வருபவர்கள் வீட்டுக் கொட்டில்களில் உழைப்போரே. அவர்கள் எந்திரத்தை எவ்வளவு பெருப்பித்தாலும், அது எத்தனை காலம் ஓடும் என்பதை முடிவு செய்வது அதனைச் சேரும் காற்றின் அளவே.