அடிக்கிறவர்களும் இயற்றுகிறவர்களும்: சிகாகோ கறுப்பர்களின் இசைப் பட்டறை

1965-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் இசைக்கான புலிட்சர் பரிசைத் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு, ட்யூக் எல்லிங்டனுக்கு ஒரு சிறப்புப் பாராட்டு வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. மேலே இருந்த வாரியம் முடியாது என்று தள்ளிவிட்டது. அந்த ஆண்டு இசைக்கு யாருக்குமே பரிசு இல்லை. நடுவர்களில் இரண்டு பேர் பதவி விலகினார்கள். எல்லிங்டனுக்கு அப்போது வயது 66. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை இயற்றியிருந்தவர்.

கறுப்பன் வாசிப்பான், பாடுவான், ஆடுவான். அதையெல்லாம் காசு கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் அவன் 'இயற்றுகிறவன்' என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனசு வராது. நமக்கு இது புதுசா என்ன? பறை 'அடிக்கிறவர்' என்றுதான் இங்கே பேச்சு. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று பிரித்துக் கட்டினவர் யார் என்று நான் எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவ்வளவு ஏன், நானே கேட்டதில்லை.

அதே ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, சிகாகோவின் தெற்குப் பகுதியில், கறுப்பர் குடியிருப்பில், ஃபில் கோரான் என்ற ட்ரம்பெட் கலைஞரின் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ், கோரான், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால் என்ற நான்கு பேர் அஞ்சலட்டை போட்டு அழைத்த கூட்டம். வாசித்துப் பிழைக்க இடம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. சிகாகோவில் இசைக்கலைஞர் தொழிற்சங்கமே நிறத்தால் பிரிந்துதான் கிடந்தது. 1902-இல் தொடங்கிய கறுப்பர் சங்கமான 208-ஆம் கிளை, 1966-இல்தான் வெள்ளையர் சங்கத்தோடு இணைந்தது.

அந்தக் கூட்டங்களை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். நல்ல வேலை செய்தார்கள். பிற்பாடு அந்த அமைப்பில் சேர்ந்த ஜார்ஜ் லூயிஸ், அவற்றைக் கேட்டெழுதித் தன் 2008-ஆம் ஆண்டு வரலாற்று நூலில் சேர்த்திருக்கிறார். நாடாவில் ஓடுவது ஒரே விவாதம்தான். நம்முடைய இசை என்பது எது? ஊரறிந்த பாட்டுகளை வாசித்துக் காசு பார்ப்பதா, நாமே இயற்றியதை மட்டும் வாசிப்பதா? ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். கடைசியில், சங்கத்தின் மேடையில் உறுப்பினர்கள் இயற்றியது மட்டுமே ஒலிக்கும் என்று முடிவாகிறது. படைப்பிசைக் கலைஞர் முன்னேற்றச் சங்கம் இப்படித்தான் பிறந்தது. ஆங்கில எழுத்துகளில் ஏ.ஏ.சி.எம்.

தீர்மானம் போடுவது சுலபம். எல்லோரும் இயற்ற வேண்டும் என்றால், இயற்றக் கற்பது எங்கே? இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது. 1960-களின் தொடக்கத்திலிருந்தே ஏப்ரம்ஸ் ஒரு குழுவை நடத்திவந்தார். அதன் பெயரே பரிசோதனைக் குழு. அவர் கல்லூரி இசைப்படிப்பை நம்பாமல், பெரும்பாலும் சொந்தமாகக் கற்றவர். ஜோசப் ஷில்லிங்கர் எழுதிய இசைக் கணக்குப் புத்தகங்களைக் கையோடு சுமந்து திரிந்தவர்.

குழுவின் முறை இதுதான். நீ எழுதிக் கொண்டு வா, நாங்கள் வாசிக்கிறோம். எழுதினவன் தன் காதாலேயே தன் பிழையைக் கேட்பான். திருத்திக்கொண்டு மறுபடி வருவான். முதலில் ஏப்ரம்ஸ்தான் நிறைய எழுதினார். மற்றவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே உருவாக்கத் தொடங்கியதும் அவர் எழுதுவது குறைந்துகொண்டே போனது. குரு பெரிதாகிக்கொண்டே போகிற இடங்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம், இல்லியா? அந்தப் பட்டறைக்கு வந்த பையன்களில் ஒருவரான ஹென்றி த்ரெட்கில்லுக்கு 2016-இல் இசைக்கான புலிட்சர் கிடைத்தது.

அங்கிருந்து வந்தவர்கள் கண்டுபிடித்த பயிற்சிகள் விளையாட்டு மாதிரியே இருக்கும். ராஸ்கோ மிட்செல் ஒரு சிக்கலைக் கவனித்தார். புதியவர்கள் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்தே போகிறார்கள். ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் எல்லோரும் கூட்டுகிறார்கள்; ஒருவர் அடங்கினால் எல்லோரும் அடங்குகிறார்கள். இதற்கு அவர் செய்தது சீட்டுகள். ஒவ்வொருவர் கையிலும் சில அட்டைகள். அட்டையில் எழுதப்பட்ட இசைத் துணுக்குகள். எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பது வாசிப்பவரின் முடிவு. அடுத்தவன் என்ன செய்கிறான் என்று கேட்டுக்கொண்டே உன் வழியில் நிற்கப் பழக வேண்டும். கூட்டு வேலை என்றால் ஒத்து ஊதுவது இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொடுக்க முடியுமா தெரியவில்லை. நம் இயக்கக் கூட்டங்களுக்கும் யாராவது இப்படி நாலு சீட்டு எழுதித் தரலாம்.

ஆந்தனி பிராக்ஸ்டன் வேறு வழியில் போனார். நீண்ட ஒலி, நடுங்கும் ஒலி, துண்டு துண்டாக வெட்டிய ஒலி என்று ஒலிகளை வகை பிரித்து எண் கொடுத்தார். விரல்களைக் காட்டினால் குழு அந்த வகைக்கு மாறும். விலையுயர்ந்த கருவியும் கட்டாயமில்லை. சிகாகோ கலைக்குழு என்று பெயர் பெற்றவர்கள் மணி, ஊதல், சைக்கிள் ஹாரன், பொம்மை எல்லாவற்றையும் மேடையில் பரப்பி, 'சின்னக் கருவிகள்' என்று அழைத்தார்கள். 1969-இல் அவற்றையும் தூக்கிக்கொண்டு பாரிஸுக்குப் போனார்கள்.

1967-இல் சங்கம் பள்ளிக்கூடமும் தொடங்கியது. கட்டணம் இல்லை. சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். சங்கத்து இசைக்கலைஞர்களே சொல்லிக்கொடுத்தார்கள். இங்கேயும் வாசிப்பு ஒருபக்கம், இயற்றுவது பிறகு என்று தள்ளிவைக்கவில்லை.

குறையும் சொல்லியாக வேண்டும். அந்த மே மாதக் கூட்டத்திலும் பிறகும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பியானோ, ஆர்கன் வாசித்த அமினா கிளாடின் மையர்ஸ் 1960-களிலேயே உள்ளே வந்தார். அவரைப் போன்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். சங்கத்துக்கு ஒரு பெண் தலைவர் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. புல்லாங்குழல் கலைஞர் நிக்கோல் மிட்செல்தான் அந்த முதல் பெண் தலைவர்.