கிளிஞ்சலின் எடைக் கணக்கு

கழிமுகத்தில் குவியும் கிளிஞ்சலுக்குள் உயிர் இல்லை. நீரில் கரைந்திருந்த கால்சியத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு உள்ளே வாழ்ந்த உயிரி கட்டிய ஓடுதான் மிச்சம். வேதியியலில் கால்சியம் கார்பனேட். அதை அள்ளிக் கழுவி, கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயில் ஏற்றினால் 900 டிகிரி வாக்கில் வேகும்.

வெந்து இறங்கும்போது உருவம் அவ்வளவாகக் குலைந்திருக்காது; கையில் எடுத்தால் மட்டும் லேசாக இருக்கும். சுத்தமான சரக்கு 100 கிலோ ஏற்றினால் 56 கிலோதான் திரும்பும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகிப் புகையோடு போய்விட்டது. (கரி எரிந்த புகை தனிக் கணக்கு.)

இந்தக் காற்றையும் கணக்கில் சேர்த்தவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். சுட்ட சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவதற்குக் காரணம், நெருப்பிலிருந்து ஏதோ அதில் ஏறிக்கொள்வதுதான் என்று நம்பிய காலம் அது. ஏறியிருந்தால் எடை குறைவானேன்? 1756-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில், 120 கிரெய்ன் சீமைச் சுண்ணாம்பு சுட்டதும் 68 ஆனது. அதைப் பொடித்துக் கார உப்புக் கரைசலில் போட்டு, கழுவிக் காயவைத்து நிறுத்தார்: 118. தொலைந்த காற்றைக் கார உப்பு கொடுத்துவிட்டது. குறைந்த 2 கிரெய்னை மழுப்பாமல் எழுதிவைத்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். எந்த வினையிலும் பொருள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று வேதியியலர் லவாய்சியே புத்தகத்தில் எழுதியது அதற்கும் பிந்தி, 1789-ல்.

நம் 56 கிலோவுக்கு வருவோம். தண்ணீர் தெளித்தால் கொதித்து, பொரிந்து, மாவாய் உதிரும். 18 கிலோ தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும், மற்றது ஆவி. மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுவரில் பூசியபின் நடப்பது காளவாய்க்கு நேர் எதிர். பூச்சு காற்றிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவை இழுத்து, 18 கிலோ தண்ணீரை வெளியே விட்டு, மறுபடி 100 கிலோ கால்சியம் கார்பனேட் ஆகிறது.

ஆனால் காளவாயின் வேகம் சுவருக்குக் கிடையாது. மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே காற்றை எளிதில் விடாது. மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசுவதன் நியாயம் இதுதான். கனத்த சுவரென்றால் பல வருஷம் பிடிக்கும். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சொட்டு விட்டால், ஓரம் நிறம் மாறாமல் இருக்க நடுப்பகுதி இளஞ்சிவப்பாகும்: அங்கே இன்னும் காற்று போய்ச் சேரவில்லை.