விலைப்பட்டியலில் இருந்த பதினொரு பேர்

1828 யூலையில் அமெரிக்காவில் ஒரு தோட்டத்தின் சொத்துக்களுக்கு விலை மதிப்பிட்டுப் பட்டியல் எழுதினார்கள். மாடுகள், பன்றிகள், பருத்தி. அதே பட்டியலில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பதினொரு மனிதர்கள். அவர்களுக்கு ஒரு பேரும் ஒரு விலையும்தான் எழுதியிருந்தது.

கனகாலத்துக்குப் பிறகு அந்தக் காகிதம் கறுப்பின ஓவியர் ஆஷ்லி பிரையனின் கைக்கு வந்தது. பதினொரு பேருக்கும் அவர் முகம் வரைந்தார், வயது கொடுத்தார், என்ன கனவு கண்டிருப்பார்கள் எண்டும் எழுதினார். 'ஃப்ரீடம் ஓவர் மீ' என்ற அந்தச் சிறுவர் நூல் 2016 இல் வந்தது. அடுத்த வருடம் அதற்கு நியூபெரி கௌரவ விருது கிடைத்தபோது அவருக்கு 93 வயது.

இதை அவர் ஏன் செய்தார் எண்டு விளங்க, அவருடைய இளமைக்குப் போகவேணும். 1923 இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். பெற்றோர் அன்ரிகுவாவில் இருந்து வந்தவர்கள். பள்ளிப் படிப்பு முடித்து ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். படங்கள் திறம், ஆனால் கறுப்பருக்குப் புலமைப்பரிசில் கொடுப்பது வீண் எண்டு ஓரிடத்தில் மறுத்துவிட்டார்கள். பிறகு கூப்பர் யூனியனில் இடம் கிடைத்தது. அங்கே விண்ணப்பித்தவர் யாரெண்டு பார்க்காமல், வேலையை மட்டும் பார்த்துத்தான் தெரிவு செய்தார்கள்.

படிப்பின் இடையில் இரண்டாம் உலகப்போர். கறுப்பருக்கெண்டு பிரித்து வைத்த படைப்பிரிவில், கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. 1944 இல் நோர்மண்டியின் ஒமாஹா கடற்கரையிலும் அதே வேலைதான். நச்சுவாயு முகமூடிப் பைக்குள் காகிதமும் பென்சிலும் ஒளித்து வைத்து, நேரம் கிடைத்தபோதெல்லாம் கூட இருந்தவர்களை வரைந்தார். அந்தப் போர்க்கால நினைவுகளை 2019 இல்தான் புத்தகமாக்கினார்.

பின்னர் டார்ட்மத் கல்லூரியில் படிப்பித்தார். ஆபிரிக்க நாட்டார் கதைகளைக் கடும் வண்ணங்களில் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் மெய்ன் மாநிலத்துச் சின்னத் தீவொன்றில் இருந்து, கரையொதுங்கிய சிப்பி, எலும்பு, மரத்துண்டுகளில் பாவைகள் செய்தார். 2022 இல் காலமானார்.

நூலைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. பதில் சொல்ல ஏலாத மனிதருக்கு நாங்கள் கனவு கற்பிக்கலாமா? முடிவாக எங்களுக்குத் தோன்றியது இதுதான்: அவர்களுக்குப் போட்ட விலையும் ஆரோ ஒருத்தர் மனதிலிருந்து எழுதியதுதானே. அது ஆவணமாய் நிலைத்து நிற்கும்போது, பக்கத்தில் இந்த முகங்களும் இருக்கட்டும். பார்க்கிற பிள்ளை முதலில் முகத்தைப் பார்க்கும், பிறகுதான் விலையைப் பார்க்கும்.