'ஆனால்' என்று எழுதிய இரவு

இலக்கியக் கூட்டத்தில் ஆங்கில இலக்கணமா என்று சிலர் யோசிக்கலாம். நான் மொழியியல் படித்தவள் இல்லை, செவிலியர் டிப்ளமோதான். பணிமாற்றக் குறிப்பில் நான் எழுதிய ஒரே ஒரு சொல்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தது.

இங்கிலாந்துக்கு வந்த புதிது. இரவுப் பணி. இடுப்பெலும்பு அறுவைசிகிச்சை முடிந்த ஒரு பெரியவர், வலி பத்துக்கு எட்டு என்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். 'வலி இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் உறங்குகிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். காலையில் வந்தவர் அதைப் படித்தார். வலி அப்படியொன்றும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த மருந்தைத் தள்ளிப்போட்டார். பெரியவர் உறங்கவே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். சரியாகப் பார்க்காமல் எழுதியது என் தப்பு. அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது அந்த 'பட்'.

அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். பழைய ஆங்கிலத்தில் அது 'பூட்டன்'. பொருள், 'வெளியே'. இடத்தைக் காட்டிய சொல். வெளியே என்பது 'தவிர' ஆயிற்று, தவிர என்பது காலப்போக்கில் 'ஆனால்' ஆயிற்று. 'ஆல் பட் ஒன்' என்கிறபோது அந்த நடுப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இரண்டு அறைக் குடிசைக்கு 'பட் அண்ட் பென்' என்று பெயர். பட் வெளியறை, பென் உள்ளறை. அந்தப் பெரியவரின் வலியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, உறக்கத்தை மட்டும் வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்படித் தோண்டினால் ஆங்கில இணைப்புச்சொற்கள் பலவும் வேறு வேலை பார்த்து வந்தவைதான். 'வைல்' ஒரு பெயர்ச்சொல். நேரம், பொழுது என்று பொருள். 'அந்தப் பொழுதில்' என்ற தொடர் சுருங்கி இணைப்புச்சொல்லாகி, பிற்பாடு 'இதற்கு மாறாக' என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. 'பிகாஸ்' என்பது 'காரணத்தால்'. உள்ளூர் முன்னிடைச்சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்த பெயர்ச்சொல்லும் ஒட்டிப் பிறந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்காதிருந்தால் ஆங்கிலேயர் காரணம் சொல்ல வேறு சொல் வைத்திருப்பார்களோ என்னவோ!

எனக்கு மிகவும் பிடித்தது வினையடைகளின் கதை. 'ஸ்லோலி', 'ஜென்ட்லி' என்று வால் பிடித்து வருகிற அந்த 'லி' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடல். இன்ன உடலைக் கொண்டது, இன்ன வடிவினது, இன்ன விதத்தில் என்று அது மெலிந்துகொண்டே வந்தது. இங்கே பழைய கிராமத்துத் தேவாலயங்களின் கல்லறைத் தோட்ட வாசலில் கூரை வேய்ந்த ஒரு நுழைவாயில் இருக்கும். 'லிச்கேட்' என்பார்கள். பிரேதத்தைச் சுமந்துவந்தவர்கள் பாதிரியார் வந்து எதிர்கொள்ளும்வரை அங்கே காத்திருப்பார்கள். அந்த 'லிச்'சும் இந்த 'லி'யும் ஒரே சொல். நோயாளியை 'மெதுவாக'த் திருப்பிப் படுக்க வை என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதெல்லாம், அந்த வினையடைக்குள்ளேயே ஓர் உடல் இருக்கிறது. செத்த உடல்களையும் உயிருள்ள உடல்களையும் தூக்கிப் பழகிய எனக்கு இது சாதாரணமாகப் படவில்லை.

'ஐ ஒர்க் நைட்ஸ்' என்கிறோமே, அந்த 'ஸ்' முதலில் பன்மை இல்லை. பழைய ஆறாம் வேற்றுமை விகுதி. இரவில் என்ற பொருளில் பெயரை வினையடையாக்கியது. இன்று எல்லாரும் பன்மையாகத்தான் கேட்கிறார்கள். மருந்துச் சீட்டில் வருகிற 'ஒன்ஸ்', 'ட்வைஸ்' இரண்டின் வாலிலும் அதே விகுதிதான் வேறு எழுத்தில் ஒளிந்திருக்கிறது.

இந்தச் சொற்களையெல்லாம் பெட்டி பெட்டியாகப் பிரித்தவர்கள் பின்னால் வந்தார்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் சொல்வகை எட்டு. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத் ஆங்கிலத்துக்கு ஒன்பது வைத்தார். அவர் பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், எபிரேயக் கவிதை ஆய்வாளர். 1795இல் லிண்ட்லி மரே, யார்க்கில் ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய இலக்கணம் உலகெங்கும் போயிற்று. பெயரும் வினையுமே அடிப்படை, மற்ற இரண்டும் அவற்றைச் சார்ந்தவை என்று வைத்த தொல்காப்பியருக்கு 'வைல்', 'பிகாஸ்' கதையைச் சொன்னால் வியந்திருக்க மாட்டார். நம் 'ஆனால்' கூட 'ஆ' என்ற வினையிலிருந்து வந்ததுதானே. 'மெதுவாக' என்பதில் வருகிற 'ஆக'வும் அதே வினைதான். அவர்கள் உடலைக் கொண்டு வினையடை செய்தார்கள், நாம் ஆவதைக் கொண்டு செய்தோம்.

இப்போதெல்லாம் என் குறிப்பில் 'வலி எட்டு என்கிறார்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறேன். அடுத்த வரியில், 'கண்கள் மூடியிருக்கின்றன. கூப்பிட்டதும் பதில் சொன்னார்.' இரண்டுக்கும் நடுவே இணைப்புச்சொல் எதுவும் போடுவதில்லை.