இரு துறை வல்லுநர் எம். ஜே. கோபாலன்

இங்கிலாந்திலே கிரிக்கெட்டையும் கால்பந்தையும் ஒருங்கே தொழிலாகக் கொண்டோர் சிலர் உண்டு. மிடில்செக்ஸ் அணியின் டெனிஸ் காம்ப்டன் அவர்களுள் ஒருவர். 1947ஆம் ஆண்டுக் கோடையில் 3,816 ஓட்டங்கள் குவித்த அவரே, 1950இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற ஆர்சனல் கால்பந்து அணியிலும் ஆடினார். கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் கால்பந்து என்று அந்நாட்டுப் பருவங்களே அவருக்கு வழிவிட்டன. நம் தமிழகத்திலும் இரு துறை வல்லுநர் ஒருவர் தோன்றினார். ஆயின் அவருடைய இரண்டு ஆட்டங்களும் ஒரே கோடையில் வந்து மோதின.

செங்கற்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர் கோபாலன். அவருடைய வேகப் பந்துவீச்சைக் கண்டு வியந்த சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், பர்மா ஷெல் நிறுவனத்தில் அவருக்கு வேலை தேடித் தந்தார். காம்ப்டனுக்கு ஆட்டமே ஊதியம் அளித்தது. நம்மவருக்கோ அலுவலகமே சோறிட்டது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்து அணியை எதிர்த்து டெஸ்ட் ஆடினார் கோபாலன். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதியபோது, ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதற் பந்தை வீசியவரும் அவரே. 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியிலும் இடம்பெற்றார்.

1936இல் சோதனை வந்தது. பெர்லின் ஒலிம்பிக்கிற்கு ஹாக்கி அணியும், இங்கிலாந்திற்குக் கிரிக்கெட் அணியும் புறப்படவிருந்தன. இரண்டிலும் செல்லுதல் இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கு நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் அவருக்கு ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை. அதே கோடையில், ஆகஸ்டு 15ஆம் நாள், இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் கொணர்ந்தது. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரு டெஸ்டே அவருடைய முதலும் முடிவும் ஆயிற்று.

எனினும் அவர் தாம் தேர்ந்த ஆட்டத்தைக் கைவிட்டாரில்லை. பல ஆண்டுகள் சென்னைக்காக ஆடினார். பின்னர் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53இல் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். 2003இல் அவர் மறைந்தார்.

பிழைப்பு நாடி டோம்பிவிலிக்கு வந்த நாம், அலுவலகத்தையும் ஆர்வத்தையும் ஒருங்கே சுமப்பவர்கள். இரண்டில் ஒன்றை விடவேண்டிய நாள் நம் பிள்ளைகளுக்கும் வரலாம். அன்று அவர்களுக்குப் பதக்கப் பட்டியலில் இடம்பெறாத இத்தமிழரின் வரலாற்றையும் நாம் எடுத்துரைப்போமாக.