புரொஜக்டர் யார் கையில்?

பாவ்லோ ஃப்ரெய்ரே என்றதும் 'வங்கிமுறைக் கல்வி' பற்றிய விமர்சனம்தான் நினைவுக்கு வருகிறது. அவர் பயன்படுத்திய ஸ்லைடு புரொஜக்டரை யாரும் பேசுவதில்லை. அந்தக் கருவிக்கும் ஒரு அரசியல் வரலாறு உண்டு.

பிரேசிலின் ரெசிஃபே பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கப்பட்ட கலாச்சார விரிவாக்கப் பிரிவுக்கு ஃப்ரெய்ரேதான் முதல் இயக்குநர். எழுத்தறியாதவருக்கு அங்கே அப்போது ஓட்டுரிமை கிடையாது. எனவே எழுத்தறிவு என்பது சும்மா படிப்பு விவகாரமல்ல. அதிகாரத்தில் பங்கு கேட்கிற விவகாரம்.

மக்கள் பேசும் சொற்களை முதலில் சேகரித்தார்கள். அவற்றையொட்டிய வாழ்க்கைக் காட்சிகளை வரைந்து, ஸ்லைடாக்கி, சுவரில் விழச் செய்தார்கள். 'திஜோலு' (செங்கல்) என்றொரு சொல். முதலில் படம், அதைப் பற்றிய பேச்சு, அப்புறம்தான் சொல். பிறகு அதன் அசைகள். அந்த அசைகளைக் கூட்டிக் கற்பவரே புதுச்சொற்களை உண்டாக்குவார். ஓவியர் ஃபிரான்சிஸ்கோ பிரென்னான்ட் வரைந்த பத்துப் படங்கள் இதற்கும் முந்திய கட்டம். எது இயற்கை, எது மனிதன் ஆக்கியது என்கிற விவாதம் அவற்றிலிருந்து கிளம்பியது. மண்பாண்டம் செய்கிறவரும் பண்பாட்டை ஆக்குகிறவர்தான் என்பது அங்கே பிடிபட்டது.

1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேர், 40 மணி நேரப் பாடம். நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். 'ஆசிரியர்' அல்ல, 'ஒருங்கிணைப்பாளர்'. பணம் அமெரிக்காவின் 'முன்னேற்றத்துக்கான கூட்டணி' தந்தது. நிறைவு விழாவுக்கு ஜனாதிபதி கூலார்ட் வந்தார். நாடு முழுக்கப் பரப்பத் திட்டமாயிற்று. கல்வி அமைச்சகம் போலந்திலிருந்து 35,000 புரொஜக்டர்களை இறக்குமதி செய்ததாக ஃப்ரெய்ரே எழுதுகிறார். அமெரிக்கப் பணமும் சோஷலிச நாட்டுக் கருவியும் ஒரே முறைக்குள் சேர்ந்ததில் முரண் உண்டுதான். ஆனால் படத்தைப் பார்த்து யார் பேசினார்கள் என்பதே இங்கு முக்கியம்.

1964 ராணுவப் புரட்சி வந்ததும் திட்டம் ரத்து. ஃப்ரெய்ரேவுக்குச் சிறை, பிறகு நாடு கடந்த வாழ்வு. பிரென்னான்டின் மூலப் படங்கள் பறிபோயின. புரொஜக்டர்களைத் தொலைக்காட்சியில் 'நாசவேலைக் கருவி'களாகக் காட்டினார்களாம். கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் ராணுவம் சரியாகத்தான் புரிந்துகொண்டது.

அதே ராணுவ அரசு 1967இல் 'மொப்ரால்' என்ற எழுத்தறிவு இயக்கத்தை நிறுவியது. படம், சொல், அசை எல்லாம் அதிலும் இருந்தன. சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் மேலே போய்விட்டது. விவாதம் காணாமல் போயிற்று. உத்தியைக் கடன் வாங்குவது எவருக்கும் எளிது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் புதுக்கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும்போது கூடவே பகிரவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: சுவரில் விழும் படத்தை யார் தேர்ந்தெடுத்தது?